குழந்தையின் பேச்சும் அடுத்தவர் மனசும்

கேட்கப்பட்ட கேள்வி இது. மூன்றரை வயதுப் பையன். வாய் ஓயாமல் பேசுகிறான், நீள நீளமான வாக்கியம் வருகிறது. ஆனால் போனில் பாட்டி "தூங்கி எழுந்துட்டியா?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுகிறான். ஒளிந்து விளையாடும்போது தன் கண்ணை மூடிக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்கிறான். இவ்வளவு பேச்சு வந்த பிறகும் அடுத்தவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது ஏன் பிடிபடவில்லை? பேச்சுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? 'நினைப்பது', 'நம்புவது' போன்ற சொற்களைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கலாமா? கடைசியாக, போன வாரம் முதல்முறையாகப் பொய் சொன்னான், அதை எப்படி எடுத்துக்கொள்வது?

நான் பேச்சு, கேட்புப் பயிற்சித் துறையில் குழந்தைகளோடு வேலை செய்கிறவள். முதலில் கவலையைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். மூன்றரை வயதில் போனில் தலையாட்டுவது இயல்பான விஷயம். தொடர்பு உண்டா என்றால், நிச்சயம் உண்டு. ஆனால் 'பேச்சு வந்துவிட்டது, இனி மனசு புரிந்துவிடும்' என்கிற நேர்க்கோட்டுத் தொடர்பு கிடையாது. எந்த மாதிரிப் பேச்சு, யாரோடு பேசுகிற பேச்சு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்தவருக்கும் ஒரு மனசு உண்டு, அதில் இருப்பது என் மனசில் இருப்பதிலிருந்து வேறாக இருக்கலாம், உண்மைக்கே மாறாகக்கூட இருக்கலாம் என்கிற புரிதலை உளவியலில் 'மனக்கோட்பாடு' என்பார்கள். 1978-இல் பிரேமாக், வுட்ரஃப் என்ற இருவர் சிம்பன்சிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் வந்த பெயர் அது. குழந்தைகளிடம் இதைச் சோதிக்க ஒரு வழியை ஹைன்ஸ் விம்மர், ஜோசப் பெர்னர் என்ற ஆஸ்திரிய உளவியலாளர்கள் 1983-இல் கொண்டுவந்தார்கள். மாக்ஸி என்ற பையன் தன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். மாக்ஸி திரும்பி வருகிறான். சாக்லேட்டை எங்கே தேடுவான்? ஒருவர் உண்மைக்கு மாறாக நம்புவது குழந்தைக்குப் புரிகிறதா என்று பார்ப்பதால் இதற்குத் 'தவறான நம்பிக்கைச் சோதனை' என்று பெயர்.

இதை நானும் பொம்மையும் இரண்டு டப்பாவும் வைத்துப் பல குழந்தைகளிடம் செய்திருக்கிறேன். மூன்றரை வயதுக் குழந்தை யோசிக்காமல் இரண்டாவது டப்பாவைக் காட்டும். தயக்கமே இருக்காது. "பொம்மை பார்க்கவே இல்லையே" என்று நினைவூட்டினாலும் விரல் அங்கேயேதான் இருக்கும், 'பொருள் இங்கே இருக்கும்போது வேறெங்கே தேடும்?' என்பதுபோல என்னைப் பார்க்கும். அதே குழந்தை ஓர் ஆண்டு கழித்து வந்தால், கேள்வியை முடிப்பதற்குள் சிரித்துவிடும். "அய்யோ, பொம்மைக்குத் தெரியாதே! அங்க போய்த் தேடும், இருக்காது" என்று முதல் டப்பாவைக் காட்டும். அந்தச் சிரிப்பைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இன்னொரு சோதனை இதைவிடவும் வியப்பானது. மிட்டாய்ப் பெட்டியைக் காட்டி "உள்ளே என்ன?" என்று கேட்டால் குழந்தை "மிட்டாய்" என்கிறது. திறந்தால் பென்சில்கள். மூடிவிட்டு, "திறக்கிறதுக்கு முன்னாடி நீ என்ன இருக்குன்னு நினைச்சே?" என்று கேட்கிறோம். மூன்று வயதுக் குழந்தைகள் பலர் "பென்சில்" என்பார்கள். அலிசன் காப்னிக்கும் ஜேனட் ஆஸ்டிங்டனும் 1988-இல் இதைக் காட்டினார்கள். ஒரு நிமிடத்துக்கு முன் தான் நினைத்ததே குழந்தைக்கு எட்டவில்லை. ஆகவே இது அடுத்தவர் மனசு பற்றிய சிக்கல் மட்டும் இல்லை. 'ஒருவர் தவறாக நினைத்தார்' என்கிற விஷயத்தைத் தன்னைப் பற்றியேகூட மனசில் பிடித்து வைக்க முடியாத வயது அது.

இங்கே பேச்சு எங்கே வருகிறது? மொழித்திறன் கூடுதலாக உள்ள குழந்தைகள் இந்தச் சோதனையில் முந்துகிறார்கள் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த ஒன்று. 2007-இல் மில்லிகன், ஆஸ்டிங்டன், டேக் ஆகியோர் 104 ஆய்வுகளை, ஏறத்தாழ 9,000 குழந்தைகளின் முடிவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வயதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் தொடர்பு நின்றது. முக்கியமான விஷயம் திசை. இன்றைய மொழித்திறனை வைத்து நாளைய மனப்புரிதலைக் கணிக்க முடிகிறது. மறுதிசையிலும் தொடர்பு இருக்கிறது, ஆனால் இந்த அளவுக்கு வலுவாக இல்லை. 'கேள்வி புரிந்தால்தானே பதில் சொல்ல முடியும், அதனால்தான் மொழி வந்த குழந்தை ஜெயிக்கிறது' என்று தோன்றலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் வாய்ப்பேச்சு அதிகம் தேவைப்படாத, படம் வைத்துச் செய்யும் சோதனைகளிலும் மொழி குறைந்த குழந்தைகள் பின்தங்குகிறார்கள்.

மறுதிசையையும் சொல்லிவிடுகிறேன். பேச்சு தொடங்குவதற்கே அடுத்தவர் மனசைக் கொஞ்சம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது மாதத்திலிருந்தே குழந்தை நாம் பார்க்கிற பக்கம் பார்க்கிறது. பிறகு தானே விரல் நீட்டி, நாம் பார்த்தோமா என்று திரும்பி நம் முகத்தைப் பார்க்கிறது. 1990-களின் தொடக்கத்தில் டேர் பால்ட்வின் செய்த சோதனையில், குழந்தை கையில் ஒரு பொம்மையோடு இருக்கும்போது, பெரியவர் வேறொரு வாளிக்குள் பார்த்தபடி ஒரு புதுச் சொல்லைச் சொல்கிறார். ஒன்றரை வயதுக் குழந்தை தன் கையில் இருப்பதற்கு அந்தப் பெயரை ஒட்டிவிடுவதில்லை. நிமிர்ந்து பெரியவரின் கண்ணைப் பார்க்கிறது, அவர் பார்க்கும் பொருளுக்குத்தான் அந்தப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. ஆக, சின்ன வயதில் மனசைப் படிக்கும் திறன் மொழிக்குக் கை கொடுக்கிறது. மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் மொழி அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்கிறது.

எப்படிக் கொடுக்கிறது என்பதில்தான் சண்டை. சொற்கள் மட்டும் போதாது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். இரண்டு வயதிலேயே 'வேணும்', 'பிடிக்கும்', 'பயம்' எல்லாம் வந்துவிடும். ஆசை பற்றிய சொற்கள் முதலில், நினைப்பு பற்றிய சொற்கள் மூன்று வயதை ஒட்டி. 'தெரியாது' என்பது சீக்கிரமே வரும், ஆனால் தொடக்கத்தில் அது பெரும்பாலும் 'என்னை விடு' என்பதற்கு வேறு பெயர். ஜில் டி வில்லியர்ஸ் என்ற மொழியியலாளர் சொல்வது, வாக்கியத்துக்குள் வாக்கியம் அடங்கும் அமைப்புதான் திறவுகோல் என்று. அதை நம் மொழியிலேயே பார்க்கலாம். "மாக்ஸி சாக்லேட் பழைய அலமாரியில் இருக்குன்னு நினைச்சான்." இதில் 'சாக்லேட் பழைய அலமாரியில் இருக்கு' என்பது பொய். ஆனால் முழு வாக்கியம் உண்மை. ஒரு பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு உண்மையாக நிற்கிற வாக்கியம்! உலகம் ஒன்றாகவும் ஒருவர் மனசு வேறாகவும் இருப்பதைப் பிடித்து வைக்க இதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. தமிழில் அந்த வேலையைச் செய்வது 'என்று', பேச்சில் 'ன்னு'. அதோடு தமிழில் உள்வாக்கியம் முதலில் வந்துவிடுகிறது. 'நினைச்சான்' என்ற சொல் காதில் விழும்வரை, கேட்டது உண்மைச் செய்தியா ஒருவர் நினைப்பா என்று முடிவு செய்யாமல் குழந்தை காத்திருக்க வேண்டியிருக்கிறது. சின்ன வேலை இல்லை அது.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 2003-இல் ஹேல், டேகர்-ஃப்ளஸ்பெர்க் ஆகிய இருவரும் சோதனையில் தவறிய குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு, பொம்மைப் பையன் ஒன்றைச் செய்துவிட்டு வேறொன்றைச் செய்ததாகச் சொல்வான், "அவன் என்ன செஞ்சதா சொன்னான்?" என்று கேட்பார்கள். நினைப்பு, நம்பிக்கை பற்றிய பேச்சே கிடையாது, 'சொன்னான்' மட்டும்தான். அந்தக் குழந்தைகள் தவறான நம்பிக்கைச் சோதனையிலும் முன்னேறினார்கள். வேறு வகை வாக்கிய அமைப்பில் பயிற்சி பெற்ற குழு முன்னேறவில்லை. அதே ஆண்டு ஜெர்மனியில் லோமானும் டொமசெல்லோவும், ஒன்றுபோலத் தெரிந்து வேறொன்றாக இருக்கும் பொருள்களை வைத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார்கள். பார்க்கப் பூ, எடுத்தால் பேனா. அதைப் பற்றிப் பேசாமல் வெறுமனே காட்டிய குழுவுக்குப் பலனே இல்லை. 'முதல்ல என்ன நினைச்சே, இப்போ என்ன, அவர் என்ன நினைப்பார்' என்று உரையாடியதும் உதவியது, அடங்கிய வாக்கியங்களைக் கேட்டதும் உதவியது, இரண்டும் சேர்ந்தது எல்லாவற்றையும்விட உதவியது.

ஆனால் இலக்கணமே எல்லாம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஜெர்மன் மொழியில் 'வேண்டும்' என்பதும் 'நினைக்கிறான்' என்பதும் ஒரே வகை வாக்கிய அமைப்பை எடுக்கின்றன. அமைப்புதான் தடை என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும். ஆசை முன்னதாகப் புரிகிறது, நம்பிக்கை பின்னதாகத்தான். கான்டனீஸ் என்ற சீன மொழி பேசும் குழந்தைகளிடம் பார்த்தபோதும் பொதுவான மொழிப்புரிதல்தான் பெரிதாக நின்றது, அந்த ஓர் அமைப்பு அல்ல. சீனத்தில் 'தவறாக நினைத்தான்' என்பதற்கென்றே ஒரு வினைச்சொல் உண்டு. கேள்வியில் அந்தச் சொல்லைப் போட்டால் குழந்தைகள் கூடுதலாகச் சரியாகச் சொல்கிறார்கள். என் முடிவு, இலக்கணம் பாத்திரம், உரையாடல்தான் அதில் ஊற்றுவது.

இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது காது கேளாத குழந்தைகள். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். 1995-இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர்சனும் சீகலும் கண்டது இது. காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள், மற்ற அறிவுத்திறன் எல்லாம் இயல்பாக இருந்தும், தவறான நம்பிக்கைச் சோதனையில் பல ஆண்டுகள் பின்தங்கினார்கள். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, பிறந்த நாள் முதல் சைகை மொழியில் வளர்ந்த குழந்தைகளுக்கு அந்தப் பின்னடைவு இல்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. இருவருக்கும் காது கேட்காது. வித்தியாசம், வீட்டில் முழுமையான ஒரு மொழி இருந்ததா இல்லையா என்பதுதான். 'பந்து', 'வா', 'வேண்டாம்' என்று கண்முன் இருப்பதைச் சைகையால் காட்டிவிடலாம். 'அவள் கோபமா இல்லை, நீ மறந்துட்டேன்னு நினைச்சு வருத்தப்பட்டா' என்பதைக் காட்ட மொழி வேண்டும்.

நிகராகுவாவில் நடந்தது இதைவிட அழுத்தமானது. அந்த நாட்டில் காது கேளாதவர்கள் அவரவர் வீட்டுக்குள் தனித்தனியாக, வீட்டுச் சைகைகளோடு மட்டும் வாழ்ந்தார்கள். 1977-இல் மனாகுவா நகரில் சிறப்புப் பள்ளி ஒன்று தொடங்கியபோது குழந்தைகள் ஒன்றாகச் சேர்ந்தார்கள், அவர்களிடையே புதிய சைகை மொழியே பிறந்தது. முதலில் வந்தவர்களிடம் அந்த மொழி எளிமையாக இருந்தது. அடுத்து வந்த சின்னக் குழந்தைகள் அதை வளப்படுத்தினார்கள். 2009-இல் ஜெனி பயர்ஸும் ஆன் செங்காஸும் வெளியிட்ட ஆய்வில், முதல் தலைமுறையினர் வளர்ந்த பெரியவர்கள், இருந்தும் 'நினைப்பது', 'தெரிவது' போன்ற சைகைகளை மிகக் குறைவாகவே பயன்படுத்தினார்கள், தவறான நம்பிக்கைச் சோதனையிலும் தடுமாறினார்கள். அவர்களைவிட இளைய இரண்டாம் தலைமுறையினர் எளிதாகத் தாண்டினார்கள். வாழ்க்கை அனுபவம் யாருக்கு அதிகம் என்று யோசித்துப் பாருங்கள். வேலைக்குப் போய், மனிதர்களோடு பழகிய பெரியவர்களுக்கு எட்டாதது, தங்களைவிடச் சிறியவர்களுக்கு எட்டியது. இரண்டு ஆண்டு கழித்து மறுபடி பார்த்தபோது, முதல் தலைமுறையிலும் மனசு பற்றிய சைகைகளைப் புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் முன்னேறியிருந்தார்கள். அப்புறம் எப்படி மொழி வெறும் பெயர்ப்பலகை என்று சொல்வது? அதே நேரம், வயது கடந்தபின்னும் கதவு மூடிவிடவில்லை என்பதையும் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு செய்தி. மூளைப் பாதிப்பால் இலக்கணத்தை ஏறக்குறைய முழுதும் இழந்த ஒருவர், அடங்கிய வாக்கியம் ஒன்றைக்கூடக் கட்ட முடியாதவர், இந்தச் சோதனைகளைச் சரியாகச் செய்தார் என்று வார்லியும் சீகலும் 2000-இல் எழுதினார்கள். முரண் போலத் தெரியும், இல்லை. கட்டடம் எழும்பும்போது சாரம் வேண்டும். எழும்பிய பிறகு சாரத்தைப் பிரித்தாலும் கட்டடம் நிற்கும். 15 மாதக் குழந்தைகளின் பார்வையை அளந்து, அவர்களுக்கே தவறான நம்பிக்கை புரிகிறது என்று 2005-இல் வந்த ஆய்வும் உண்டு. திரும்பச் செய்தபோது சில இடங்களில் வந்தது, சில இடங்களில் வரவில்லை. அதை வைத்து நான் எதையும் கட்ட மாட்டேன்.

சரி, வீட்டில் என்ன செய்வது? 'நினை', 'நம்பு', 'யோசி' என்று சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். பெஸ்கினும் ஆஸ்டிங்டனும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளின் கதைப் புத்தகங்களில் இந்தச் சொற்களை நிறையச் சேர்த்து ஒரு குழுவுக்குப் படித்துக்காட்டினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே கதைகள், அதே படங்கள், அந்தச் சொற்கள் மட்டும் இல்லை. முதல் குழு அந்தச் சொற்களை அதிகம் பேசியது, பல நேரம் தவறாக. ஆனால் கதையில் ஒருவர் ஏன் தவறாகத் தேடினார் என்று விளக்குவதில், சொல்லாமல் விடப்பட்டதைத் தாங்களே ஊகிக்க வேண்டியிருந்த இரண்டாம் குழுதான் முன்னால் நின்றது. சொல்லைக் கையில் கொடுத்துவிட்டால், குழந்தை தானே எட்டிப் பிடிக்கும் வேலை இல்லாமல் போய்விடுகிறது.

பலன் தருவது, நடந்துகொண்டிருக்கிற ஒன்றைப் பற்றி, காரணத்தோடு பேசுவது. அம்மாக்கள் பிள்ளைகளுக்குப் படங்களைக் காட்டிக்கொண்டே மனநிலைகளைப் பற்றி எவ்வளவு பேசுகிறார்கள் என்பது பிள்ளைகளின் பிற்கால மனப்புரிதலைக் கணித்தது என்று ரஃப்மனும் அவரோடு இருந்தவர்களும் 2002-இல் காட்டினார்கள். அப்பாவோ பாட்டியோ அண்ணனோ பேசினாலும் சரிதான். உங்கள் வீட்டுப் போன் காட்சியையே எடுத்துக்கொள்வோம். அவன் தலையை ஆட்டுகிறான். "வாயைத் திறந்து சொல்லுடா" என்பதோடு விடாதீர்கள். "நீ தலையாட்டினது பாட்டிக்குத் தெரியுமா? பாட்டி எங்க இருக்காங்க?" என்று கேளுங்கள். போனைத் தானே ஒரு தரம் திருப்பிப் பார்ப்பான். உடனே பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. "நீ பதிலே சொல்லலைன்னு பாட்டி நினைச்சிருப்பாங்க" என்று நீங்களே முடியுங்கள். கதை படிக்கும்போது பக்கத்தைத் திருப்புவதற்கு முன் நிறுத்தி, "கதவுக்குப் பின்னாடி யாரு இருக்கான்னு இவளுக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். உங்கள் தவறையும் சொல்லுங்கள்: "சாவி பையில இருக்குன்னு நினைச்சேன், பார்த்தா மேசையில இருக்கு." பெரியவர்களும் தவறாக நினைப்பார்கள் என்பது குழந்தைக்குப் பெரிய செய்தி. அண்ணன் தம்பி சண்டையில் நடுவராகப் போகும்போதும் தீர்ப்பை மட்டும் சொல்லாமல், யார் என்ன நினைத்தார்கள் என்று இருவரையும் சொல்ல விடுங்கள்.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பேச்சு தாமதமாக இருந்தால், அடிக்கடி "என்ன?" என்று கேட்டால், முதலில் கேட்புப் பரிசோதனை. தள்ளிப்போடாதீர்கள், இழக்கிற ஒவ்வொரு மாதமும் உரையாடல் இல்லாத மாதம். காது கேட்கவில்லை என்று தெரிந்தால் சைகை மொழியை எதிரியாகப் பார்க்காதீர்கள். 'சைகை வந்தால் பேச்சு வராது' என்ற பயத்தில் இரண்டும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். இன்னொன்று ஆட்டிசம். 1985-இல் பேரன்-கோஹன், லெஸ்லி, ஃப்ரித் மூவரும் ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் இந்த வகைச் சோதனையில் தவறியதாக எழுதினார்கள். அதிலும் மொழிக்குப் பெரிய பங்கு உண்டு. மற்றக் குழந்தைகளுக்கு நான்கு வயதுக்குரிய மொழியே போதுமான இடத்தில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஒன்பது வயதுக்குரிய மொழி தேவைப்பட்டது என்று 1995-இல் ஃபிரான்செஸ்கா ஹாப்பே காட்டினார். ஆனால் ஒரு பொம்மைச் சோதனையில் தவறியதால் அந்தக் குழந்தைக்கு அன்போ பரிவோ இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வேறு, இது வேறு.

கடைசியாக அந்தப் பொய். பொம்மையை மறைத்து வைத்து, "நான் வர்ற வரைக்கும் எட்டிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு வெளியே போகும் சோதனை ஒன்று உண்டு. பெரும்பாலான குழந்தைகள் பார்த்துவிடுவார்கள். "பார்த்தியா?" "இல்லை." "என்ன பொம்மையா இருக்கும்?" "கார்!" மூன்று, நான்கு வயதில் பொய் அங்கேயே உடைந்துவிடும், ஏனென்றால் 'பார்க்காதவனுக்குக் கார் என்று தெரிந்திருக்காது' என்கிற அடுத்த படி இன்னும் வரவில்லை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், பொய் சொல்லவே தெரியாத மூன்று வயதுக் குழந்தைகளுக்கு அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்ளும் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு விளையாட்டில் அவர்கள் ஏமாற்றத் தொடங்கினார்கள். உங்கள் பையன் சொன்ன பொய்யும் அந்த இடத்திலிருந்துதான் வருகிறது: தன் தலைக்குள் இருப்பது அம்மாவின் தலைக்குள் இல்லை என்று அவனுக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. தண்டிக்க அவசரப்படாதீர்கள், கண்டும் காணாமலும் விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "நான் பார்க்கலைன்னு நினைச்சியா? பார்த்துட்டேன். சொன்னா அம்மா கோபப்படுவேன்னு பயந்தியா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.